வாரம் ஆறு நாள் பயிற்சி, ஆனாலும் நேரம் குறையவில்லை: பள்ளி ஓட்டக்காரர்களுக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும்?

நான்காம் தடம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 16. 100, 200 மீட்டர் ஓடுகிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் பயிற்சி உண்டு. திங்கள் 100 மீட்டர் பத்து முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. செவ்வாய் 200 மீட்டர் ஆறு முறை. புதன் மேட்டில் ஏறி ஓடுவதும் தாவல் பயிற்சிகளும். வியாழன் 300 மீட்டர், இனி முடியாது என்கிற வரைக்கும். வெள்ளி பிளாக்கிலிருந்து (ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றும் கட்டை) புறப்பாடு. சனிக்கிழமை நேரம் பார்த்து ஓட வேண்டும்.

பருவத் தொடக்கத்தில் பள்ளி மைதானத்தில் 100 மீட்டரை 11.6 வினாடியில் ஓடினேன். போன வாரப் போட்டியில் 11.9. வியாழன் வந்தாலே கால் கனக்கிறது. வலது பின்தொடையில், உட்காரும்போது தரையில் படும் இடத்துக்குப் பக்கத்தில், ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பயிற்சியாளர் நல்லவர். எங்களுக்காக விடியற்காலையில் வந்து நிற்கிறார். "இன்னும் உழைக்க வேண்டும்" என்கிறார். நானும் தயார்தான். ஆனால் எதைக் கூட்டுவது என்று தெரியவில்லை.

---

தடகள ஆசிரியர் எழுதியது:

தம்பி, பயிற்சியாளரைப் பற்றி நீ மரியாதையோடு எழுதியிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த மரியாதையோடே இதைப் பேசுவோம்.

உன் வாரத்தில் உழைப்புக்குக் குறைவே இல்லை. இல்லாதது வேகம். திங்கள் பத்து முறை ஓடுகிறாயே, ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துப் பார். முதல் ஓட்டம் 12.5 என்றால் ஏழாவது, எட்டாவது 14-ஐத் தாண்டியிருக்கும். அது சகிப்புத்தன்மைப் பயிற்சி. செவ்வாயும் வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை பிளாக்கில் உட்காரும்போது நான்கு நாள் களைப்பு காலில் இருக்கிறது. ஆக, வாரம் முழுவதிலும் நீ முழு வேகத்தில் ஓடிய தூரத்தைக் கூட்டினால் நூறு மீட்டர்கூடத் தேறாது.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். முழு வேகத்தில் ஓடும்போது முதல் சில வினாடிகளுக்கான ஆற்றலில் பெரும்பகுதி தசையில் சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து கிடைக்கிறது. ஓடி முடித்த அரை நிமிடத்தில் அதில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். அதனால்தான் "மூச்சு சரியாகிவிட்டது, அடுத்ததை ஓடலாம்" என்று தோன்றுகிறது. மீதிப் பாதி நிரம்ப மூன்று நிமிடமாகும், ஐந்து நிமிடமாகும், சில சமயம் அதற்கும் மேலாகும். மூச்சு திரும்புவதை வைத்து ஓய்வை அளக்கக் கூடாது.

பயிற்சியாளர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம், 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிடம். மைதானத்தில் சும்மா நிற்பது போலத் தெரியும். பார்ப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்னொன்று, காலடி. உச்ச வேகத்தில் தேர்ந்த ஓட்டக்காரரின் பாதம் தரையில் இருப்பது 0.09 வினாடி அளவுக்குத்தான். களைத்த பாதம் அதைவிட நெடுநேரம் தரையிலேயே தங்கும், இடுப்பு தாழும், முழங்கால் உயராது. அந்த நிலையில் நூறு முறை ஓடினால் உடல் அந்த ஓட்டத்தைத்தான் பழகிக்கொள்ளும். மெதுவாக ஓடுவதற்கு நாமே பயிற்சி கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை.

நானாக இருந்தால் திங்கள், வியாழன் இரண்டு நாளை மட்டும் வேகத்துக்கு ஒதுக்குவேன். ஒரு நாள் புறப்பாடும் 30 மீட்டர் முடுக்கமும். இன்னொரு நாள் பறக்கும் ஓட்டம்: 25 மீட்டர் படிப்படியாக வேகம் கூட்டி, அடுத்த 20 மீட்டரை உச்ச வேகத்தில் கடப்பது. ஒரு நாளில் முழு வேகத் தூரம் எல்லாம் சேர்த்து 150 முதல் 300 மீட்டர் போதும். நேரம் 3 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் அன்றைக்கு அதோடு முடிந்தது. 30 மீட்டர் 4.30 ஓடுகிறவன் 4.43 காட்டினால் ஸ்பைக்ஸை (ஆணி பதித்த ஓட்டக் காலணியை) கழற்றிவிட வேண்டும், திட்டத்தில் இன்னும் இரண்டு ஓட்டம் மீதி இருந்தாலும்.

இரண்டு வேக நாட்களுக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேரம். இடையில் உள்ள நாளில் புல் தரையில் இலகுவான ஓட்டம். இலகு என்றால் உண்மையிலேயே இலகு: உச்ச வேகத்தில் 75 விழுக்காட்டுக்குள். 100 மீட்டரை 12 வினாடியில் ஓடுகிறவனுக்கு அது 16 வினாடி. 14-ல் ஓடினால் வேகமும் வளராது, களைப்பும் தீராது.

---

நானூறு எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க மனம் வரவில்லை. நான் 400 மீட்டர் ஓடியவன். வியாழக்கிழமை 300 மீட்டர்தான் எனக்குக் கடைசி நேர்கோட்டில் தாக்குப்பிடிக்கக் கற்றுக் கொடுத்தது. இத்தாலியின் பியெத்ரோ மென்னேயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் மெக்சிகோ நகரத்தில் 200 மீட்டரை 19.72 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 1996 வரை நின்றது. அவரும் அவருடைய பயிற்சியாளர் கார்லோ வித்தோரியும் செய்த பயிற்சியின் கனம் ஊரறிந்தது. அமெரிக்காவின் மைக்கேல் ஜான்சனை உருவாக்கிய கிளைடு ஹார்ட்டும் நீண்ட ஓட்டத்தில் தொடங்கிக் குறுகிய ஓட்டத்துக்கு வருகிற வழியைத்தான் பின்பற்றினார்.

அதோடு, வேக நாள், இலகு நாள் என்று பிரிக்கும் இந்த முறையைப் பரப்பியது யார்? கனடாவின் சார்லி பிரான்சிஸ். அவருடைய மாணவர் பென் ஜான்சன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கத்தை இழந்தார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த திட்டத்தை பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது சரியா?

---

தடகள ஆசிரியர் எழுதியது:

நியாயமான கேள்வி. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். அந்தக் கறையை யாரும் துடைக்க முடியாது, துடைக்கவும் கூடாது. ஆனால் அந்த மருந்துகள் தசையை வேகமாகத் தேற்றிவிடுகின்றன. அப்படித் தேறியவர்களுக்கே இரண்டு நாள் இடைவெளி தேவைப்பட்டது என்றால், சுத்தமான உடலோடு ஓடுகிற, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு ஓய்வு கூடுதலாக வேண்டுமா, குறைவாக வேண்டுமா?

மென்னேயா அந்தச் சாதனையைச் செய்தபோது அவருக்கு வயது 27. மைக்கேல் ஜான்சன் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.32 வினாடியில் ஓடியபோது 28. பத்தாண்டுக்கு மேல் உடலைப் பதப்படுத்தியவர்கள் தாங்கிய பாரம் அது. இளம் வயதில் என்ன நடக்கும் என்பதற்கு உசைன் போல்ட்டையே பாருங்கள். 2002-ல் 15 வயதில் உலக ஜூனியர் 200 மீட்டர் தங்கம். 2004-ல் 17 வயதில் 19.93. அதே ஆண்டு பின்தொடைக் காயத்தோடு ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறினார். பிறவி மேதைக்கும் தொடைத் தசை ஒன்றுதான்.

400 மீட்டருக்கு வேக சகிப்புத்தன்மை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 200 ஓடுகிற இந்தத் தம்பிக்கும் அது கொஞ்சம் வேண்டும். வாரம் ஒரு முறை 120 அல்லது 150 மீட்டர், முழு ஓய்வோடு இரண்டு மூன்று தடவை ஓடட்டும். முதலில் வேகம் இருக்க வேண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பது பிறகு.

---

காற்றுமானி எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான்காம் தடம், ஒன்று கேட்க வேண்டும். அந்த 11.6 கை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்ததா? 11.9 மின்னணுக் கடிகாரத்திலா?

---

நான்காம் தடம் எழுதியது:

ஆமாம். பள்ளியில் கையால் எடுத்தது. போட்டியில் மின்னணு, 11.91.

---

காற்றுமானி எழுதியது:

அப்படியென்றால் நீ நினைக்கிற அளவுக்குப் பின்னால் போகவில்லை. கையில் நேரம் எடுப்பவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார். முடிவுக்கோட்டில் ஓட்டக்காரர் வருவது முன்கூட்டியே தெரிவதால் தாமதமில்லாமல் அழுத்திவிடுகிறார். அதனால் கை நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். 100, 200 மீட்டரில் கை நேரத்தோடு 0.24 வினாடி கூட்டி ஒப்பிடுவது வழக்கம். உன் 11.6 என்பது 11.84. வித்தியாசம் 0.07 வினாடிதான்.

காற்றையும் சேர். பின்னாலிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் 100 மீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி குறையும். பள்ளி மைதானத்தில் யாரும் காற்றை அளந்திருக்க மாட்டார்கள்.

ஆக, நீ மோசமாகவில்லை, ஆனால் ஒரு பருவம் முழுக்க இத்தனை உழைத்தும் முன்னேறவில்லை. அதுவும் ஒரு சேதிதான். இனிமேல் வாராவாரம் 100 மீட்டர் சோதனை வேண்டாம். மொபைலில் மெதுவசைவு வீடியோ எடு. சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம், அதாவது ஒரு படத்துக்கு 0.033 வினாடி. 240 படம் எடுக்கும் அமைப்பில் 0.004 வினாடி. பறக்கும் 20 மீட்டரின் இரு முனையிலும் கம்பு நட்டு, இடுப்பு கம்பைக் கடக்கும் படங்களை எண்ணினால் கை ஸ்டாப்வாட்ச்சைவிட நம்பகமான கணக்கு கிடைக்கும். ஆசிரியர் ஐயா சொன்ன 3 விழுக்காட்டுச் சரிவைக் கைக்கடிகாரத்தில் பிடிக்கவே முடியாது. எடுப்பவரின் விரல் பிழையே அதற்குச் சமமாக இருக்கும்.

---

இயன்முறை எழுதியது:

எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த இழுப்புதான் கண்ணில் படுகிறது. நான் இளம் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட்.

தம்பி, வலி தொடையின் நடுவில் இல்லை, உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் என்கிறாய். பெரியவர்களுக்குத் தசையோ தசைநாரோ கிழியும். உன் வயதில் பின்தொடைத் தசைகள் தொடங்கும் அந்த எலும்பு முனை இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. அங்கே வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. பதின்ம வயதின் இறுதியில்தான், சிலருக்கு இருபதைத் தாண்டித்தான், அது எலும்போடு எலும்பாக இணையும். அதுவரை தசையைவிட அந்த இணைப்பே பலவீனமான இடம். பலமாக இழுபடும்போது எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். புறப்படும்போதோ தடை தாண்டும்போதோ "சடக்" என்ற சத்தம், கடினமான பெஞ்சில் உட்கார முடியாத வலி, விரலால் தொட்டால் ஒரே புள்ளியில் கூசும் வலி: இவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பியல் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தத் தொடையைப் பிடித்து நீட்டி மடக்கி இழுத்துவிடச் சொல்லாதே. அதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள்.

இதெல்லாம் இல்லாமல் வெறும் இறுக்கம் மட்டும் என்றாலும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே. பின்தொடைக் காயத்துக்கு மிகப் பெரிய முன்னறிவிப்பு, முன்பே ஒருமுறை ஏற்பட்ட பின்தொடைக் காயம். முதல் காயத்தை வரவிடாமல் தடுப்பதில்தான் முழு லாபமும் இருக்கிறது.

இந்தத் தசை பெரும்பாலும் எப்போது கிழிகிறது தெரியுமா? முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு. அப்போது தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேலைக்கு அதைத் தயார்படுத்த நார்டிக் பயிற்சி நல்லது. மெத்தைமேல் மண்டியிட்டு நிமிர்ந்து நில், நண்பன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும், முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்க மெல்ல மெல்ல முன்னால் சாய், இனித் தாங்காது என்ற இடத்தில் கைகளை ஊன்றிக்கொள். கால்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வுகளில் இந்தப் பயிற்சியைச் சேர்த்தவர்களுக்குப் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கின்றன. வாரம் ஒருமுறை, ஐந்து ஐந்தாக இரண்டு சுற்றில் தொடங்கினால் போதும். முதல் வாரம் தசை நன்றாக வலிக்கும், அதனால் போட்டி நெருங்கும்போது புதிதாகத் தொடங்காதே. வலி இருக்கும் இப்போதும் தொடங்காதே.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். 2014-ல் அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்பட்டது 1.7 மடங்கு அதிகம். பதின்ம வயதில் இயல்பாகவே இரவு தூக்கம் தாமதமாகத்தான் வரும். அதோடு விடியற்காலைப் பயிற்சியும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் வெட்டு விழுகிறது. நீ எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறாய்?

---

நான்காம் தடம் எழுதியது:

பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறேன், அக்கா. சடக் சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் வகுப்பில் மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த இடம் வலிக்கிறது. நாளைக்கே அப்பாவோடு மருத்துவரிடம் போகிறேன்.

பனிக்கட்டித் தண்ணீரில் கால் வைப்பது, கிரியேட்டின் தூள், இதெல்லாம் உதவுமா?

---

இயன்முறை எழுதியது:

ஐந்தரை மணி நேரம்! இதை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் வேலை செய்யாது. விடியற்காலைப் பயிற்சியில் இலகு நாட்களையாவது மாலைக்கு மாற்றக் கேள்.

குளிர்ந்த தண்ணீர் ஒரே நாளில் பல சுற்று ஓடும்போது வலியுணர்வைக் குறைக்கும். எடைப் பயிற்சிக்குப் பிறகு வழக்கமாகச் செய்தால் தசை வளர்ச்சியையே மட்டுப்படுத்தக்கூடும். கிரியேட்டின் தூள் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி ஊக்குவிப்பதில்லை. கால் கனப்பதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலி தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.

---

ஓட்டக்காரியின் அம்மா எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் மகளுக்கு 15 வயது, 200 மீட்டர் ஓடுகிறாள். எடை குறைந்தால் வேகம் வரும் என்று சொன்னதிலிருந்து சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டாள். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. "கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு இது சகஜம்" என்கிறார்கள். முன்னங்காலில் வலி என்கிறாள். சகஜம்தானா?

---

இயன்முறை எழுதியது:

இல்லை அம்மா. பலருக்கு நடக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்கு மாதம் ஆகிவிட்டது, இந்த வாரமே போங்கள்.

உடல் செலவழிக்கிற ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது, உயிருக்கு அவசரமில்லாத வேலைகளை அது ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்கும், எலும்பு வலுவாவது நிற்கும், தசை தேறுவது நிற்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதை ஆண், பெண் இருபாலருக்கும் வரும் சிக்கலாக அறிவித்து எச்சரித்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பு சேர்வது இந்த வயதில்தான்.

முன்னங்கால் வலியை நீங்களே ஒருமுறை பாருங்கள். எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் பளுவால் வந்த அழற்சி. ஒரே இடத்தில், ஒரு விரல் நுனியால் காட்டக்கூடிய வலி என்றால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை ஓட்டம் வேண்டாம். இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், யாரோ பெரியவர் சொன்னதை அவள் நம்பிச் செய்திருக்கிறாள்.

---

நானூறு எழுதியது:

அம்மா, உங்கள் மகள் நன்றாகத் தேறி வரட்டும். என் அணியிலும் ஒரு பெண் இப்படிச் சொன்னபோது யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. எடையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவே கூடாது என்று எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் சொல்ல வேண்டும்.

---

நான்காம் தடம் எழுதியது:

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு பெயரவில்லை, அந்த இடத்தில் எரிச்சல் மட்டும் இருக்கிறதாம். மூன்று வாரம் வேக ஓட்டம் கூடாது, பிறகு படிப்படியாகத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். பயிற்சியாளரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது, ஆனால் திட்டவில்லை. ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, "பறக்கும் ஓட்டத்தை எல்லோருக்குமே வைத்துப் பார்க்கலாம்" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். ஒன்பது வாரம் கழித்து வரும் போட்டியில் 100, 200 இரண்டும் இருக்கின்றன. 4×400 தொடரோட்டத்துக்கும் என் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதன் தகுதிச் சுற்று 200 மீட்டர் இறுதிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வருகிறது. முடியாது என்று சொன்னால் அணியைக் கைவிட்ட மாதிரி ஆகுமே?

---

தடகள ஆசிரியர் எழுதியது:

நல்ல பயிற்சியாளர் உனக்குக் கிடைத்திருக்கிறார், தம்பி.

மூன்று வாரம் முடிந்ததும் 60 விழுக்காட்டு வேகத்தில் தொடங்கு. மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து பார். வலியில்லை என்றால் அடுத்த முறை 70, பிறகு 80. வலி வந்தால் ஒரு படி கீழே. ஸ்பைக்ஸும் பிளாக்கும் கடைசியில்தான். போட்டிக்கு முந்தைய பத்து நாட்களில் தூரத்தைப் பாதியாகக் குறை, வேகத்தைக் குறைக்காதே. முந்தைய நாள் உடலைச் சூடேற்றி இரண்டு மூன்று முடுக்கம் ஓடினால் போதும்.

தொடரோட்டத்தைப் பற்றி: முழு மூச்சில் 400 ஓடிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் 200 இறுதி ஓடுவது நல்ல உடலுக்கே பாரம். காயத்திலிருந்து எழுந்து வரும் தொடைக்கு அது கூடாது. ஆனால் அணியைக் கைவிட வேண்டியதும் இல்லை. தொடரோட்டத்தில் சுற்றுக்குச் சுற்று ஓட்டக்காரரை மாற்ற விதி இடம் தருகிறது. உங்கள் போட்டியில் எத்தனை பேரை மாற்றலாம், பெயரை எப்போது கொடுக்க வேண்டும் என்று பயிற்சியாளரை இப்போதே அமைப்பாளர்களிடம் விசாரிக்கச் சொல். தகுதிச் சுற்றை மாற்று ஓட்டக்காரர் ஓடட்டும். அந்தப் பையனுக்கும் ஒன்பது வாரம் இருக்கிறது. நீ இலகுவாக ஓடும் நாட்களில் அவனோடு நின்று கோல் மாற்றப் பழக்கு. 200 முடிந்து தொடை நன்றாக இருந்தால் இறுதியில் உன் பெயர் வரட்டும். இல்லையென்றால் அவனே ஓடுவான்.